இரும்பு படாத மேசை

அயர்லாந்தில் ஒன்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்துத்
திரும்பி வந்த ரோஸ்லெட்
ஓக்கில்தான் வேணும் என்றாள்.
அயினி இருக்கு, கறையான் தொடாது,
பலா இருக்கு, வருஷம் போகப் போகத் தேன்நிறம் ஏறும் என்றேன்.
"அயினி எங்கப்பா போட்ட கதவு.
பலா அம்மைக்கு வந்த கட்டில்.
மேசை மட்டும்தான் நான் வாங்குறது."
சரி.

தக்கலை பீர்கண்ணு டிப்போவில்
ரப்பர் தடிகளுக்குப் பின்னால் கிடந்தது
தூத்துக்குடியில் இறங்கிய கட்டு.
தலைப்புகளில் சிவப்புப் பெயின்ட்,
எந்த ஊர்க்காரனோ எழுதிய எண்கள்.
ஒவ்வொன்றாய் வெயிலுக்கு இழுத்தோம்.
முகத்தைப் பார்த்துப் பலகை எடுப்பவன்
ஆறாம் மாசம் வளைவைப் பார்ப்பான்.
நான் பெயின்ட்டைச் சுரண்டித் தலைப்பைப் பார்த்தேன்:
வளையக் கோடுகள் முகத்துக்கு நேர்குத்தாய் நிற்கிறதா?
நின்றால், இரண்டு இழைப்பில்
குறுக்கே வெள்ளிச் செதில் எழும்,
சாளையை வயிற்றுப் பக்கம் திருப்பினதுபோல.
முப்பத்தாறில் பதினொன்று தேறியது.
முடிச்சு விழுந்த ஒன்றையும் சேர்த்து எடுத்தேன்.
ஏன் என்று பீர்கண்ணு கேட்டார்.
தெரியாது என்றேன்.

மீட்டரின் இரண்டு ஊசியையும் குத்தினால் பதினொன்றரை.
"நல்லா காய்ஞ்ச சாமான்" என்றார்.
காய்ஞ்சதுதான் கவலை.
இடவப்பாதியில் ஒரு தடவை, துலாமழையில் ஒரு தடவை,
நம்ம காற்று வருஷத்துக்கு ரெண்டு முறை
பிழியாத துணி.
கருங்கல்லில் என் ஷெட்டில்
இடையிடையே ரீப்பர் கொடுத்து அடுக்கி
ஏழு வாரம் தொடவில்லை.
ரோஸ்லெட் மூன்று தடவை போன் செய்தாள்.
குடிச்சிட்டிருக்கு என்றேன்.
யாரு என்றாள்.

அயினி இழைப்புளிக்குச் சுருள் சுருளாய்க் கொடுக்கும்.
இது அலகைச் சோதிக்கும்.
ஓட்டத்துக்கு எதிரே ஒரு தள்ளு தள்ளினால்
பிய்த்துக் காட்டும்.
புளித்த மோரும் கருப்பட்டியும் கலந்த மாதிரி
ஒரு வாசம், சட்டையில் மூன்று நாள் நின்றது.
கழுந்து இறுக்கமாய், தட்டினால் இறங்கும்படி.
மேல்பலகையைக் கட்டிப்போட்டால் பிளக்கும்,
அதனால் திருகுக்கு வட்டத் துளை இல்லை,
நகர்ந்துகொள்ள நீளத் துளை.

பென்சிகர் பசை தடவி
இரும்புக் கிளாம்பில் பூட்டிவிட்டு
சனிக்கிழமை மதியம் கிளம்பினான்.
ஞாயிறு முழுக்க மழை.
திங்கள் அவிழ்த்தால்
நடுப்பலகையில் ஐந்து இடம்
பேனா உடைந்த சட்டைப்பை மாதிரி நீலக்கறுப்பு.
துடைத்தான். தேய்த்தான். வியர்த்தான்.
"பூசணமாண்ணே?"
தூளைக் கிள்ளி நாக்கில் வைத்தேன்.
கடுக்காய்!
கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் மை,
இதில் ஒன்றை மரமே கொண்டுவந்திருக்கிறது,
மற்றதை நாம் இறுக்கிப் பூட்டியிருக்கிறோம்.
எந்தக் குளிரிலோ நின்ற மரம்,
துவர்ப்பு மட்டும் நம்ம நாட்டுமருந்துக் கடைச் சரக்கு.

ரோஸ்லெட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
ஹெல்மெட்டோடு குனிந்து
ஐந்தையும் விரலால் தொட்டாள்.
இப்படியே விட்டாலும் ஒரு அழகுதான் என்று
நான் பாதி சொல்வதற்குள்
"எடுத்திருங்க" என்றாள்.
"ஊர்ல எட்டு பேரோட பழைய மேசையத் தொடச்சிருக்கேன்.
இது புதுசா இருக்கட்டும்.
கறையெல்லாம் நானே போட்டுக்கிடுவேன்."

ஆக்சாலிக் தூள் மார்த்தாண்டத்தில் கிடைத்தது.
இரண்டு பூச்சில் வெளுத்தது, ஐந்தாவது மூன்றில்.
திருகெல்லாம் பித்தளை.
பில்லில் அதைப் பார்த்து
"இரும்புன்னா பாதி வெலையாச்சே" என்றாள்.
பென்சிகர் அவசரமாய் வெளியே போனான்.

முடிச்சுப் பலகை இன்னும் சுவரோரம் நிற்கிறது.
பழைய துரு ஆணிகள் ஒரு கைப்பிடி
காடியில் போட்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூடி
ஜன்னலில் வைத்திருக்கிறேன்.
தினம் காலையில்
ஒரு தடவை குலுக்கிப் பார்ப்பேன்.